வரிக்கு நான்கு டாலர்

இரங்கல் குறிப்புக்கு
வரிக்கு நான்கு டாலர் என்றாள் பத்திரிகை அலுவலகத்துப் பெண்.
படம் போட்டால் தனி.
அப்பா இருந்திருந்தால்
பேரைப் போடு, தேதியைப் போடு, போதும் என்றிருப்பார்.

உர்ஹோ கார்வோனன்.
சுப்பீரியர் ஏரியின் தென்கரை.
கொரியாப் போர். பிறகு நாற்பத்தொரு குளிர்காலம்
மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர்.
கோடையில் மரம் அறுத்தவர், வைக்கோல் கட்டியவர்,
ஊரார் கூரைகளுக்குத் தார் பூசியவர்.
பிள்ளைகள் ஐவர். ஒருவன் முன்பே போய்விட்டான்.

இதுவரை இருபத்தெட்டு டாலர்.

வலது காலில் இரண்டு விரல் இல்லை என்பதை
எந்த வரியில் சேர்ப்பது?
பத்தொன்பது வயதில்
ஏதோ ஒரு மலைக்கு அவற்றைக் கொடுத்துவிட்டு வந்தார்.
கேட்டால், "காலுறை நனைந்திருந்தது" என்பார்.
அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்ட போர்
மொத்தமும் அவ்வளவுதான்.

அதனால் எங்கள் வீட்டில் காலைதோறும் பரிசோதனை.
பள்ளிப் பேருந்து வருமுன் வரிசையாய் நின்று
கால் நீட்டுவோம்.
டீசல் மணக்கும் கட்டைவிரலால்
ஒவ்வொரு பாதத்தையும் அழுத்திப் பார்ப்பார்.
ஈரம் தட்டினால் ஒரே சொல்: கழற்று.
டுவைனின் கல்யாணத்தன்று
தேவாலயப் படியில், அத்தனை பேர் பார்க்க,
இருபத்தாறு வயது மாப்பிள்ளை
பேசாமல் கால் நீட்டினான்.

கொட்டகை அலமாரியில் பதினேழு நோட்டுகள் இருந்தன.
நாளுக்கு ஒரு வரி. அந்த வரிகளுக்குக் கட்டணம் இல்லை.

"ஆறு அங்குலம். டீசல் நிரப்பினேன்."
"காற்று. மில் சாலை மூடியாயிற்று."
"பதினொன்றேகால் அங்குலம். பெண் குழந்தை. ஐலி நலம்.
வடக்குச் சாலை இருமுறை."

அந்தப் பெண் குழந்தை நான்.
மருத்துவமனை இருந்தது வடக்குச் சாலையில்.
வேலை நேரம் என்று அவர் உள்ளே வரவில்லை.
வண்டியின் மஞ்சள் விளக்கு
இரண்டு தடவை ஜன்னலைக் கடந்தது, என்பாள் அம்மா,
இரண்டாவது தடவை மெதுவாக.

பிறகு அந்த மார்ச்.
ஏரியின் பனித்தளம் உடைந்து கர்ட் உள்ளே போன மாதம்.
"பனி இல்லை."
மறுநாள், "பனி இல்லை."
பதினாறு நாளும் அதே இரண்டு சொல்,
பேனா மட்டும் ஒருமுறை மாறியிருக்கிறது.

எனக்கு ஒன்பது வயது. நன்றாக நினைவிருக்கிறது.
அந்த மார்ச்சில் முழங்கால் உயரத்துக்குக் கொட்டியது.
மூன்று மணிக்கு எழுந்து அவர்தான் தள்ளினார்,
கல்லறைக்குப் போகும் பாதை உட்பட.
கால் அங்குலத்தைக்கூடக் கூட்டி எழுதாத மனிதர்.

இதைப் பத்திரிகைக்கு அனுப்பவில்லை.
அச்சில் வந்தது ஏழு வரி, படம் இல்லாமல்.

அடக்கத்தன்று இராணுவத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள்.
ஊதுகொம்புக்குள் ஒலிப்பெட்டி வைத்திருந்தார்கள்.
ஒருவன் ஊதுவதுபோல் கன்னம் உப்பினான்,
கொஞ்சம் தாமதமாக.
இன்னொருவன் கொடியை முக்கோணமாய் மடித்து
அம்மாவின் மடியில் வைத்தான்.
தேசத்தின் சார்பாக என்று ஏதோ சொன்னான்.
சின்னப் பையன், மீசைகூடச் சரியாக வரவில்லை.

நல்ல வார்த்தைகள்தான்.
ஆனால் மிஞ்சிய நாங்கள் நால்வரும்
அப்போது அவன் காலணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.
பாதி உருகிய பனியில் இருபது நிமிடமாய் நிற்கிறான்.
தோல் கறுத்து ஊறியிருந்தது.

மார்லீஸ் காருக்குப் போய்
கம்பளிக் காலுறை ஒரு ஜோடி எடுத்துவந்தாள்.
பரவாயில்லை அம்மா, என்றான் பையன்.
சட்டத்தில் இடமில்லை, என்றான்.

கழற்று, என்றாள்.